ஒரு குழந்தையின் உயரமும் ஒரு பல்கலைக்கழகத்தின் எழுத்தும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மருத்துவத் துறைக்குச் சென்ற பழைய மாணவிகள் என்ற வகையில் எங்களைப் பேச அழைத்தபோது, இரத்தச்சோகை பற்றியோ நீரிழிவு பற்றியோ பேசுவோம் என்றே செயற்குழுவினர் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றையும் ஓரளவு தொடத்தான் போகிறோம். ஆனால் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பல்கலைக்கழக ஆசிரியர்கள் வகுப்பிலே படிப்பிப்பதற்கு அப்பால் என்ன எழுதுகிறார்கள், அந்த எழுத்து எத்தனை வகைப்படும், அதிலே நம் மலைநாட்டுக்குக் கிடைத்தது என்ன, இன்னும் வந்து சேராதது என்ன என்பதே இன்றைய பேச்சு.

இதைத் தெரிந்தெடுக்க இரண்டு காரணங்கள் உண்டு. நம் தங்கைமார் சிலர் இன்று பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளராக இருக்கிறார்கள். அவர்களுடைய வீடுகளுக்குப் போனால் அம்மாமார் ஒரே மாதிரியாகக் கேட்கிறார்கள்: "படிச்சு முடிச்சாச்சு, வேலையும் கெடச்சாச்சு, இன்னும் ராத்திரி பகலா இந்தப் புள்ள என்னதான் எழுதுது?" நியாயமான கேள்வி. அதற்கு நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு பதில் சொல்லவேண்டும். இரண்டாவது, நூற்றாண்டு நிதியை எதற்குச் செலவிடுவது என்பது பற்றி நமது சங்கம் இன்னும் முடிவு செய்யவில்லை. வாசலில் ஒரு வளைவு கட்டலாம் என்பது ஒரு யோசனை. வேறொரு யோசனையை இவ்வுரையின் முடிவில் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் நமக்கு மிக அருகிலுள்ள பேராதனையை எடுத்துக்கொள்வோம். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பிலே தொடங்கியது. 1952இல் பேராதனைக்கு வந்தது. அட்டனிலிருந்து ரயிலேறினால் கண்டிக்குப் போகும் வழியில் இருக்கும் அந்த வளாகத்தில், இத்தனை ஆண்டுகளில் ஆசிரியர்கள் செய்த வேலையை ஒரே கூடையில் போட முடியாது.

தமிழ்த்துறையையே பாருங்கள். முதற் பேராசிரியராக 1943இல் வந்தவர் சுவாமி விபுலாநந்தர். பழந்தமிழ் இசைக் கருவியான யாழைப் பற்றி, கணக்கும் இசையும் இலக்கியமும் ஒன்றாகக் கலந்து அவர் ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. அவருக்குப் பின் வந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை சாசனத் தமிழையும் ஆராய்ந்தார். வீட்டிலே மக்கள் பேசுகின்ற பேச்சிலேயே நாடகங்களும் எழுதினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மாணவர்களை வைத்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்ற கூத்துக்களை மேடையேற்றினார். கிராமத்து அண்ணாவிமாரை அழைத்து அவர்களிடமே மாணவர்களைக் கற்க வைத்தார். க. கைலாசபதி சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரப் பாடல்களோடு ஒப்பிட்டு எழுதிய ஆங்கில நூல் 1968இல் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக வந்தது. எம். ஏ. நுஃமான் இலக்கணமும் திறனாய்வும் மொழிபெயர்ப்பும் தந்தார்.

இவற்றில் எது ஆய்வு? நூல் ஆய்வு, கூத்து ஆய்வு இல்லை என்று சொல்ல முடியுமா? அழியவிருந்த ஒரு கலையைப் பார்த்து, கேட்டு, பதிந்து, திருத்தி, மீண்டும் ஆட வைப்பதற்கு எவ்வளவு அறிவு வேண்டும்? நம் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிறார்கள். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆடுகிறார்கள். அவற்றுக்கும் அப்படி ஒருவர் கிடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இன்னும் ஒரு வகை எழுத்து உண்டு. அதிலே எழுதியவரின் பெயரே நமக்குத் தெரியாது. நாங்கள் உயர்தர வகுப்பிலே உயிரியலைத் தமிழில் படித்தோம். ஒளித்தொகுப்பு, இழையுருப்பிரிவு, ஒடுக்கற்பிரிவு என்ற சொற்களெல்லாம் வானத்திலிருந்து விழவில்லை. சுயமொழிக் கல்வி வந்த காலத்தில் அறிஞர்கள் குழுக்களாக உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக விவாதித்து, கலைச்சொல் தொகுதிகளை ஆக்கினார்கள். அந்தச் சொற்கள் இருந்திராவிட்டால், ஆங்கிலம் அறியாத வீட்டிலிருந்து வந்த எங்களில் ஒருவராவது மருத்துவபீடத்தின் படியேறியிருக்க முடியாது.

இனி எங்கள் தொழிலுக்கு வருவோம். மருத்துவம் படித்தவர்கள் என்பதால், ஒரு நோயாளியை வைத்துத்தான் எங்களுக்கு எதையும் விளக்க வரும். ஆகவே ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். நம் மாவட்டத்தின் ஏதோ ஒரு தோட்டத்தில், லயத்துக் காம்பரா ஒன்றில் பிறந்த இரண்டரை வயதுப் பிள்ளை. சுறுசுறுப்பாகத்தான் ஓடுகிறது. ஆனால் வயதுக்கேற்ற உயரம் இல்லை. மருத்துவமாது அளந்து அட்டையில் புள்ளி வைக்கிறார். புள்ளி கீழ்க் கோட்டுக்கும் கீழே விழுகிறது.

இது ஒரு பிள்ளையின் கதை அல்ல. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டத்துறையில் 32 சதவீதம். பத்து ஆண்டுகளுக்கு முன், 2006–2007 கணக்கெடுப்பில், தோட்டத்துறையின் எண்ணிக்கை 40 சதவீதமாக இருந்தது. குறைந்திருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனாலும் நம் பிள்ளைகளில் மூன்றில் ஒன்று குள்ளமாகவே நிற்கிறது.

ஏன் என்று ஒரு வைத்தியரைக் கேட்டால், தாயிடமிருந்து தொடங்குவார். தாய்க்கே சிறு வயதில் போதிய உணவில்லை. கர்ப்பம் தரித்தபோது இரத்தச்சோகை. வயிற்றுப் பிள்ளையோடு சரிவிலே கொழுந்துக் கூடை சுமக்கிறார். பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது. காலையிலும் மாலையிலும் ரொட்டியும் சம்பலும். உடனே ஒரு கோப்பைச் சாயத்தண்ணி. தேயிலைச் சாயம் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் நல்லது என்பதை இந்தச் சபையிலேயே சொல்லி வைக்கிறோம். கருவுற்ற நாளிலிருந்து இரண்டு வயதுவரையிலான ஆயிரம் நாட்களில் இழந்த வளர்ச்சியைப் பிற்பாடு முழுமையாக மீட்பது கடினம். திரிபோஷ கொடுக்கலாம், புழுவுக்கு மருந்து கொடுக்கலாம், தாய்க்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கலாம். அத்தோடு எங்கள் கையிலிருப்பது முடிந்துவிடும்.

அதே பிள்ளையை ஒரு பொருளியலாளரிடம் காட்டுங்கள். அவர் நாட்சம்பளத்தைப் பற்றிக் கேட்பார். மழைக்காலத்தில் எத்தனை நாள் பேர் போட்டார்கள், கொழுந்து குறைந்தால் அரைப் பேரா, முன்பணக் கழிவு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார். பேராதனையின் பொருளியற் பேராசிரியராக விளங்கிய மு. சின்னத்தம்பி அவர்கள் பெருந்தோட்டப் பொருளாதாரத்தையும் அதிலே உழைப்பவர்களின் நிலையையும் ஆய்வுப் பொருளாக்கியவர். நமது மண்ணிலிருந்து எழுந்த ஒருவர், நமது கணக்கை நாமே பார்க்கலாம் என்று காட்டினார்.

கல்வியியலாளரிடம் போனால், அந்தத் தாய் எந்த வகுப்புவரை படித்தார் என்று கேட்பார். இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் 1970களின் இறுதியிலிருந்துதான் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த இடைவெளி நம் பாட்டிமாரின் கைநாட்டிலே தெரிகிறது. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தின் பேராசிரியர் சோ. சந்திரசேகரன், திறந்த பல்கலைக்கழகத்தின் தை. தனராஜ் போன்றவர்கள் இந்தத் துறையிலே எழுதினார்கள். அதிலும் சந்திரசேகரன் அவர்கள் ஆசிரியர்கள் வாசிக்கக்கூடிய தமிழில் நூல் நூலாகத் தந்தார். வெளிநாட்டு ஆய்வேட்டில் ஒரு கட்டுரை எழுதுவதைவிட அது எளிதான வேலை என்று நினைக்கக்கூடாது.

வரலாற்றாசிரியரும் சமூகவியலாளரும் இன்னும் பின்னோக்கிப் போவார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்தக் கணக்கில் நமது பாடசாலையின் மாணவிகளும் இருந்தார்கள். இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் அக்காமாருக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. வாக்குரிமை இல்லாத மக்களுக்கு வீதியும் வராது, வைத்தியசாலையும் வராது. இரண்டு தலைமுறை கடந்து, ஒரு பிள்ளையின் உயரத்திலும் அது வந்து நிற்கும்.

குமாரி ஜயவர்தன கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் கற்பித்தவர். இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றிய அவரது நூல் 1972இல் வந்தது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் பணியாற்றிய ரேச்சல் குரியனோடு சேர்ந்து, தோட்டங்களில் இரு நூற்றாண்டுகளாக வர்க்கமும் ஆணாதிக்கமும் இனமும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்று 2015இல் எழுதினார். அமெரிக்காவில் சாந்தா கிளாரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் மைத்ரி ஜெகதீசன் போருக்குப் பிந்திய காலத்தில் தோட்டத்துப் பெண்களோடு பழகி எழுதிய நூல் 2019இல் வெளிவந்தது. இலங்கையிற் பிறந்த வலன்டைன் டானியல் தோட்டத்துப் பெண்களின் நாட்டுப்பாடல்களைச் சேகரிக்க வந்தவர். வந்த காலம் 1983. பாட்டுக் கேட்க வந்தவருக்கு மக்கள் வன்செயலைச் சொன்னார்கள். அவர் எழுதவந்த புத்தகம் வேறு புத்தகமாகி 1996இல் வெளிவந்தது. தான் கொண்டுவந்த கேள்வியை வைத்துவிட்டு, மக்கள் சொல்வதைக் கேட்பதும் ஆய்வாளரின் கடமைதான்.

பேராதனையின் ஆய்வாளர்கள் நம்மைச் சுற்றியுள்ள சிங்களக் கிராமங்களையும் விட்டுவைக்கவில்லை. என். கே. சர்க்காரும் எஸ். ஜே. தம்பையாவும் பல்கலைக்கழகத்தின் சார்பில் கண்டிப் பகுதிக் கிராமங்களில் வீடு வீடாகத் தகவல் திரட்டி, நிலமின்மையால் கிராமம் எப்படிச் சிதைகிறது என்று 1957இல் வெளியிட்டார்கள். லயத்து வறுமையையும் பக்கத்துக் கிராமத்து வறுமையையும் சேர்த்துப் பார்த்தால்தான் மலைநாடு முழுதாகப் புரியும்.

அந்தப் பிள்ளை இன்னும் நம் கையிலேயே இருக்கிறது. அதைப் புவிச்சரிதவியலாளரிடம் கொண்டுபோவோம். பேராதனையைச் சேர்ந்த சி. பி. திசாநாயக்க, ரோகண சந்திரஜித் ஆகிய இருவரும் மருத்துவப் புவிச்சரிதவியல் என்ற துறைக்கே 2009இல் ஓர் அறிமுக நூல் எழுதினார்கள். பாறையிலும் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள கனிமங்கள் பல்லுக்கும் கழுத்துக்கழலைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன செய்கின்றன என்பது அதன் பொருள். தாவரவியலாளரிடம் போனால், எம். டி. தசநாயக்க முதலானோர் 1980 முதல் தொகுதி தொகுதியாகத் திருத்தி வெளியிட்ட இலங்கைத் தாவரக் கைநூலைக் காட்டுவார். லயத்துப் பின்புறத்தில் முளைக்கும் கீரைக்கும் அதிலே பெயர் இருக்கும்.

மருந்தியலாளரிடம் போனால் சேனக்க பிபிலேயின் பெயர் வரும். பேராதனை மருத்துவபீடம் 1962இல் தொடங்கியது. அதன் பீடாதிபதியாகவும் இருந்த பேராசிரியர் பிபிலே, மருந்தை வணிகப் பெயரால் அல்ல, அதன் மூலப் பெயரால் வாங்கவேண்டும், தேவையான மருந்துகளின் பட்டியல் ஒன்று வேண்டும் என்று வாதாடினார். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அவர் எழுதிய அறிக்கையை அடுத்து 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகியது. ஓர் அறிக்கை, ஒரு பட்டியல், வைத்தியசாலைகளுக்கு ஒரு மருந்துக் கையேடு. அந்த எழுத்தால் எத்தனை ஏழைகளுக்கு மருந்து கைக்கெட்டியது என்பதை மருந்தகங்களில் வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

கடைசியாக ஒரு பொறியியலாளர். பேராசிரியர் அ. துரைராஜா. பேராதனையில் பொறியியற் பீடாதிபதியாகவும் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த காலத்தில் களிமண் அழுத்தத்துக்கு உட்பட்டால் எப்படி நெகிழ்கிறது என்று ஆராய்ந்தார். ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகிய அறிஞர்களோடு அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் மண் பொறியியலில் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. களிமண்ணைப் பற்றிய கணக்குக்கும் நமது பிள்ளைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அந்தப் பிள்ளை உறங்கும் லயம் மலைச்சரிவிலே இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, அறிக்கை இருந்தது. லயத்திலிருந்தவர்கள் அதை நம்பி எழுந்துபோக வேறு காணியும் வீடும் இருக்கவில்லை. தோழியரே, ஆய்வு எழுதப்பட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று யாரும் நினைக்காமலிருக்க இந்த ஒரு உதாரணம் போதும்.

ஆகவே, "இந்தப் புள்ள என்னதான் எழுதுது" என்ற அம்மாவுக்கு நமது பதில் இதுதான்: அம்மா, உங்கள் மகள் எழுதுவது கட்டுரையாக இருக்கலாம், பாடநூலாக இருக்கலாம், கலைச்சொல்லாக, கூத்தாக, சட்டத்துக்கு முந்திய அறிக்கையாக, மண்ணின் கணக்காக இருக்கலாம். ஒரு பிள்ளையின் உயரத்தைக் கூட்டுவதற்கு இவை எல்லாம் வேண்டும். அவள் ராத்திரி விழித்திருக்கட்டும். காலையில் நீங்கள் அவளுக்குப் பதிலாக ஒரு நாள் சமைத்துவையுங்கள்.

இப்போது குறைகளையும் சொல்லவேண்டும். நம்மைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. விலையோ தோட்டத்தில் பல நாட்சம்பளம். கேள்விக்கொத்தோடு வருகிறார்கள். இஸ்தோப்பிலே உட்கார்ந்து, தாயின் எடை, பிள்ளையின் உயரம், கணவன் குடிக்கிறாரா, எத்தனை கருச்சிதைவு என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பெண்மணி அரை நாள் பேரை இழந்து பதில் சொல்கிறார். முடிவு எங்கோ ஒரு சஞ்சிகையில் வருகிறது. பதில் சொன்னவருக்கு என்ன முடிவு வந்தது என்று யாரும் திரும்பி வந்து சொல்வது அரிது. இரத்தம் எடுத்தால் அறிக்கையை நோயாளிக்குக் கொடுக்கவேண்டும் என்பது எங்கள் தொழிலின் முறை. தகவல் எடுத்தாலும் அப்படித்தான் இருக்கவேண்டும்.

பல்கலைக்கழகங்களில் பதவி உயர்வுக்குச் சர்வதேச சஞ்சிகைக் கட்டுரைகளுக்கு நல்ல மதிப்பு உண்டு. தமிழில் எழுதும் ஒரு சிறு நூலுக்கு, தோட்டத்துத் தாய்மாருக்கான ஒரு கையேட்டுக்கு, அதே மதிப்புக் கிடைப்பதில்லை. இளம் விரிவுரையாளர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்கள் இரண்டையும் செய்யவேண்டுமானால் பின்னால் நிற்க ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் நாம்தான்.

இன்னொன்று. பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்று ஆய்வு செய்தவர்களை நாம் மறக்கலாகாது. வட்டகொடை மடக்கும்புர தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தார். சாரல் நாடன் கோ. நடேசய்யரின் வாழ்வைத் தேடி எழுதினார். பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்தவர். நாட்டை விட்டுப் போன பின்னும் விடாமல் தேடி, 1869இல் அச்சான 'கோப்பி கிருஷிக் கும்மி' போன்ற பழைய நூல்களைப் பற்றி 'கூலித் தமிழ்' என்ற நூலை 2014இல் தந்தார். பதவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேடலை நிறுத்தாதவர்கள் இவர்கள்.

மேடையிலிருக்கும் மாணவத் தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. "நீ மலையகத்துப் பிள்ளை, ஆகவே மலையகத்தைப் பற்றியே ஆராய்ச்சி செய்" என்று உங்களிடம் சொல்பவர்கள் வருவார்கள். விருப்பமிருந்தால் செய்யுங்கள், அதற்கு ஆட்கள் மிகத் தேவை. விருப்பம் வேறாயிருந்தால் வேறு செய்யுங்கள். நட்சத்திரத்தைப் படியுங்கள், எண்கணிதத்தைப் படியுங்கள், கிரேக்கம் படியுங்கள். துரைராஜா அவர்கள் கேம்பிரிட்ஜில் களிமண்ணைப் பிசைந்தபோது மீரியபெத்தையை நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் இன்று நம் சரிவுகளைக் காக்க நினைப்பவர்களுக்கு அந்த அறிவு வேண்டியிருக்கிறது. லயத்திலிருந்து வந்தவள் லயத்தைத்தான் எழுதவேண்டும் என்பதும் ஒரு வகைப் பெரட்டுதான். இன்றைக்கு எந்த மலை என்று இன்னொருவர் பிரித்துக் கொடுக்க நாம் வரிசையில் நிற்கத் தேவையில்லை.

இனி நமது யோசனை. வளைவு அழகாகத்தான் இருக்கும். அதைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் நூற்றாண்டு நிதியிலிருந்து மூன்று காரியங்களை முதலில் செய்யலாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, பாடசாலை நூலகத்தில் ஓர் அலமாரி. மலைநாட்டைப் பற்றிய நூல்களும் ஆய்வேடுகளும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சென்னையிலும் இருக்கும் தோழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு நூல் வாங்கி அனுப்பினால் போதும். நம் பட்டதாரிகள் தங்கள் ஆய்வேட்டின் ஒரு பிரதியைத் தரட்டும். பழைய நூல்கள் பல 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை வாசிக்க இரண்டு கணினிகள் வைக்கலாம். நம் வீடுகளில் உள்ள பழைய கடிதம், துண்டு, பிரஜாவுரிமைப் பத்திரம் போன்றவற்றையும் படமெடுத்துச் சேர்க்கலாம். பரணில் கிடந்து கறையான் தின்னும் காகிதம்தான் நாளைய வரலாற்றாசிரியருக்கு ஆதாரம்.

இரண்டாவது, ஆண்டுதோறும் நம்மைப் பற்றிய ஓர் ஆய்வை எடுத்து, அதன் சாரத்தை நல்ல தமிழில், எட்டாம் வகுப்புப் படித்த ஒரு தாய் வாசிக்கக்கூடிய அளவில், சிறு புத்தகமாக வெளியிடுவது. எழுத நம் விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். மருத்துவ விடயங்களைச் சரிபார்க்க நாங்கள் இருக்கிறோம். பிள்ளைக் காம்பராவிலும் தோட்ட வைத்தியசாலையிலும் கோயில் மடத்திலும் அது கிடைக்கட்டும்.

மூன்றாவது, மேற்பட்ட ஆய்வுப் பட்டம் செய்யும் ஒரு பழைய மாணவிக்கு ஒரு சிறிய உதவித்தொகை. பயணச் செலவுக்கு, அச்சுச் செலவுக்கு, கைக்குழந்தை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கான செலவுக்கு. பெண்களின் ஆராய்ச்சி பல வேளைகளில் நின்றுபோவது அறிவுக் குறைவால் அல்ல; பிள்ளையைப் பிடிக்க ஆளில்லாமையால். அப்பணத்தைப் பெறுபவர் ஒரே ஒரு நிபந்தனையை ஏற்கவேண்டும்: யாரிடம் தகவல் பெற்றாரோ அவர்களிடம் திரும்பிப் போய் முடிவைத் தமிழில் சொல்லவேண்டும்.

2023இல், நம் முன்னோர் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்கள். அன்று நடந்து வந்தவர்கள் எழுதிவைக்கவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் அவர்களைத் தொகையாக எண்ணினார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேத்திகள் இந்த மண்டபத்தில் வைத்தியராக, பொறியியலாளராக, விரிவுரையாளராக, ஆசிரியையாக, தாயாக அமர்ந்திருக்கிறோம். இந்த நூறு ஆண்டுகளில் நமது பாடசாலை செய்த காரியம் அது.

எங்களுக்கு அ, ஆ எழுதிக் காட்டிய டீச்சர்மாரில் பலர் இன்றில்லை. இருப்பவர்களின் கால்களைத் தொட்டு வணங்குகிறோம். இந்த மூன்று யோசனைகளையும் பொதுச்சபை ஆராய்ந்து முடிவெடுக்கவேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.